எங்கள் பெயரில் சித்தியின் மெஷின்

ஜனவரி 11, இரவு

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் அக்காவுக்குக்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிட்டால் இன்னும் நல்லது.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? தொழிற்சாலையில் இன்னும் நின்றுகொண்டேதான் வேலையா?

இதைப் போனில் சொல்ல முடியாது. போன் எப்போதும் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. எங்கள் சுவரைப் பற்றி உங்களுக்கே தெரியும், பக்கத்துக் கடை வெல்டிங்காரர் கொட்டாவி விட்டால் எங்களுக்கும் தூக்கம் வரும். அட்டைப்பெட்டி அடுக்கி வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். பதிலைத் தையல்காரர் மகள் பெயருக்குப் போடுங்கள். என் வகுப்புத்தான், பிரிக்காமல் தருவாள். கூலியாக ஒரு கடிதத்துக்கு ஒரு நாள் கணக்குப் பாடம் செய்து தரவேண்டுமாம்.

அப்பாவுக்கு வங்கியில் கடன் கிடைக்கப் போகிறது. முதல் தடவை போனபோது வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். நாங்கள் இருப்பதே வாடகைக்கு. இரண்டாம் தடவை இரண்டு வருஷக் கணக்குப் புத்தகம் கேட்டார்கள். மூன்றாம் தடவை அரசாங்க வேலையில் இருக்கும் ஒருவர் ஜாமீன் போடவேண்டும் என்றார்கள். அரசாங்க ஆள் எங்கள் தெருவுக்கு வருவதே கரண்டைத் துண்டிக்கத்தான். இப்போது புது ஆபீசர் வந்திருக்கிறார். சொந்த மெஷின் இருந்தால் அதை அடமானமாக எழுதிக்கொண்டு கடன் தரலாம் என்று சொன்னாராம்.

வியாழக்கிழமை அவர் பார்வையிட வந்தார். அதற்கு முந்தைய நாள் தெருவில் சரக்கு ஊர்வலம். யார் கடைக்கு வங்கிக்காரர் வந்தாலும் மற்ற கடைக்காரர்கள் தங்கள் சரக்கைக் கொண்டுவந்து அடுக்குவார்கள் அல்லவா, அதேதான். வெல்டிங்காரர் எட்டு பண்டல் அட்டையைத் தோளில் சுமந்து வந்தார். "இது நம்ம அட்டைதானே, உங்க கடைக்கு எப்படிப் போச்சு?" என்று அப்பா கேட்டார். "போன மாசம் என் கடைக்கு ஆபீசர் வந்தப்ப நீதானப்பா குடுத்த. வெல்டிங் கடையில அட்டை எதுக்குன்னு அந்தாளு கேக்கவே இல்ல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் சித்தி.

பிறகு அப்பா மூலையில் இருந்த உங்கள் அட்டை வெட்டும் மெஷின் மேலிருந்த தார்ப்பாயை எடுத்தார். சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். ஆபீசர் வந்து அதைத் தட்டிப் பார்த்து, "இது யாரோடது?" என்று கேட்டார். அப்பா, "நம்மளதுதான் சார்" என்று சொல்லிவிட்டார். பட்டியலில் முதல் வரியே அதுதான். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

உங்களுக்குத் தெரியவேண்டும் என்று எழுதினேன். கோபப்படாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சுண்டெலி


ஜனவரி 29

என் சுண்டெலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று பழகிவிட்டன. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? ராத்திரியில் கண் விழித்து எழுதாதே.

பயப்படாதே. நான் அங்கே கடை வைத்திருந்தபோது ஊர்வலம் எனக்கும் வந்திருக்கிறது. அட்டை பண்டல் ஊர்வலம் போனால் மறுநாள் திரும்பி வந்துவிடும். மெஷினும் அப்படித் திரும்பினால் சரி. ஆபீசர் மெஷின் மேல் ஏதாவது ஒட்டினாரா? பில் கேட்டாரா? இது இரண்டை மட்டும் எனக்குச் சொல்.

நான் ஜூலையில் திரும்பி வருகிறேன். கடை போட ஓர் அறைக்கு முன்பணம் கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டது. இங்கே பெண்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருக்கிறது. மெஷின் சொந்தம் என்று பில்லைக் காட்டினால் அட்டை வாங்கக் கடன் தருவார்களாம். ஜூன் முடிவதற்குள் காட்டவேண்டும். ஊரிலேயே தொழில் செய்தாலும் பரவாயில்லை என்றார்கள். பில் உங்கள் அலமாரியில் நீலத் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. பழைய மெஷின் விற்பவர் கையால் எழுதிய பில், மேலே முத்திரை இருக்கும், என் பெயர் இருக்கும். அம்மாவிடம் கேட்காமலே எடுத்து எனக்கு அனுப்பிவிடு.

அக்கா எப்படி இருக்கிறாள்? எனக்கு அவள் எழுதி மூன்று மாதம் ஆகிறது.

சித்தி


பிப்ரவரி 16, இரவு

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் பார்த்துச் சந்தோஷம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு அங்கே குளிர் அதிகமா?

நீலத் தகரப் பெட்டியில் தேடினேன். பில் அதில் இல்லை.

ஆபீசர் மெஷினில் ஒட்டவில்லை, தகடு அடித்திருக்கிறார். பச்சை நிறத் தகடு. வங்கியின் பெயர், ஒரு எண், "அடமானம்" என்ற சொல். நான்கு மூலையிலும் ஆணி. சக்கரத்துக்குக் கீழே மெஷினின் எண் செதுக்கியிருக்குமே, அதையும் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டார். கடன் வந்துவிட்டது. அப்பா லாரியில் அட்டை இறக்கினார், கேக் கடைக்காரர் பெட்டிக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருக்கிறார். இரவும் பகலும் உங்கள் மெஷின் ஓடுகிறது. சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.

அம்மா எனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தாள். அம்மா இப்போதெல்லாம் சிரிக்கிறாள். "ஒரு வருஷம். அடைச்சதும் தகட்டைப் பிடுங்கிடுவோம். உன் தங்கச்சிக்குத் தெரியவே தெரியாது" என்று அப்பா சொல்வது கேட்டது.

அதிகம் எழுத நேரமில்லை. பரீட்சை வருகிறது.

சுண்டெலி


மார்ச் 4

சுண்டெலிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

பில் பெட்டியில் இல்லை என்றால் வேறு எங்கே இருக்கிறது? மெஷின் விற்றவரிடம் நகல் வாங்கலாமென்று இங்கிருந்து ஒருவரை விசாரிக்கச் சொன்னேன். அவர் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டாராம். அந்த ஒரு தாள்தான் எனக்கு இருந்தது.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இதுவரை சொல்லவில்லை. போன வருஷம் நானும் அதே வங்கிக்குப் போனேன். "கணவர் கையெழுத்து எங்கே?" என்றார்கள். அவர் சுவரில் படமாக இருக்கிறார், இறங்கி வரமாட்டார் என்றேன். அப்படியானால் ஓர் ஆண் ஜாமீன் போடவேண்டும் என்றார்கள். உன் அப்பாவிடம் வந்து நின்றேன். "ஆம்பளை இல்லாத கடைக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது? நாளைக்கு என் கடைக்குக் கடன் கேட்டா தரமாட்டான்" என்றார் அத்தான். அக்கா அடுப்படியில் இருந்தாள். வெளியே வரவில்லை. அதனால்தான் மெஷினை உங்களிடம் நம்பி விட்டுவிட்டு இங்கே நின்றுகொண்டு சம்பாதிக்கிறேன்.

எனக்காக ஒரு கையெழுத்துப் போட முடியாதவர், என் மெஷினுக்குச் சொந்தக்காரர் என்று மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சிரிப்பு வருகிறது. ஆனால் சத்தமாக வரவில்லை.

அக்காவுக்கு இது தெரியுமா?

சித்தி


மார்ச் 23, இரவு

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். முதுகுக்குத் தைலம் தடவுகிறீர்களா?

நான் முதல் கடிதத்தில் ஒரு பொய் எழுதினேன். ஆபீசர், "இது யாரோடது?" என்று கேட்டபோது அப்பா பேசவில்லை. கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். அம்மாதான் அடுப்படியிலிருந்து வந்து, "எங்களதுதான் சார். நாலு வருஷமா இருக்கு" என்றாள். ஆபீசர் எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் அப்பா, "என்னடி இது, உன் தங்கச்சிக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார். "துருப்பிடிச்சுக் கிடக்கிறதுக்கு நமக்கு நாலு காசு பண்ணட்டும். அவ என்ன, வேற யாரோவா? என் கூடப் பிறந்தவ. கேட்டா நான் சமாளிச்சுக்கிறேன்" என்றாள் அம்மா.

அதை உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பா செய்தார் என்றால் நீங்கள் அவ்வளவாக அழமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

அம்மா கெட்டவள் இல்லை சித்தி. கடன் கேட்டுப் போன மூன்று தடவையும் அம்மாதான் அப்பாவின் சட்டையை இஸ்திரி போட்டு அனுப்பினாள். மூன்று தடவையும் அவர் திரும்பி வந்த முகத்தையும் அவள்தான் பார்த்தாள்.

சுண்டெலி


ஏப்ரல் 28

சுண்டெலிக்கு,

ஒரு மாதம் பதில் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதவில்லை, அவ்வளவுதான்.

வங்கிக்குக் கடிதம் போட்டேன். மெஷின் என்னுடையது, தகட்டைக் கழற்றவேண்டும் என்று. பதில் வந்திருக்கிறது. மெஷினை வாங்கிய பில் உன் அப்பாவின் பெயரில் இருக்கிறதாம். மெஷினின் எண்கூட அதில் சரியாக இருக்கிறதாம். அது போலி என்று நான் நிரூபித்தால் பரிசீலிப்பார்களாம். நகல் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பில்லை எழுதியது யார் என்று உனக்குத் தெரியுமா?

நான் உன்னைக் கேட்கக்கூடாதுதான். நீ சின்னப் பிள்ளை. ஆனால் அந்த வீட்டில் என்னிடம் உண்மை பேசுவது நீ ஒருத்திதான். உன் பெயர் எங்கேயும் வராது.

பரீட்சை எப்படி எழுதினாய்?

சித்தி


மே 15, இரவு

அன்புள்ள சித்திக்கு,

நலம், நலமறிய ஆவல். பரீட்சை சுமாராக எழுதினேன். கணக்கில் மட்டும் நல்ல மார்க் வரும். தையல்காரர் மகளுக்கும் வரும்.

இங்கே நிலைமை சரியில்லை. கேக் கடைக்காரர் பெட்டிகளை வாங்கிக்கொள்கிறார், பணத்தை மூன்று மாதம் கழித்துத்தான் தருகிறார். வங்கிக்காரர் மாதா மாதம் கேட்கிறார். இரண்டு தவணை நின்றுவிட்டது. அப்பா கேக் கடை வாசலில் போய் நின்றார். "பெரிய கடைக்கு சப்ளை பண்றோம்னு பெருமைப்படு, பணத்துக்கு என்ன அவசரம்?" என்றாராம் கடைக்காரர்.

போன வாரம் ஆபீசர் மறுபடி வந்தார். யாரோ மெஷின் பற்றிப் புகார் எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னார். பெயர் சொல்லவில்லை. அப்பாவின் முகம் வெளுத்துப் போனது. அன்றிலிருந்து தெருவில் ஒருவரோடும் பேசுவதில்லை. வெல்டிங்காரர்தான் சொல்லிக் கொடுத்தார் என்று நினைக்கிறார். "நாலு பேரு முன்னாடி அட்டையைச் சுமந்துக்கிட்டு வந்தவன் முதுகுல குத்திட்டான்" என்கிறார். நேற்று வெல்டிங்காரர் வாசலில் வந்து நின்று, "என்னப்பா, என் மூஞ்சியைப் பார்க்கமாட்டேங்கிற? என் கடைக்கு ஆபீசர் வந்தா உன் அட்டையை யாருகிட்ட கேப்பேன்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அப்பா அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தார்.

எழுதியது நீங்கள், சொன்னது நான். அவர் ஒன்றுமே செய்யவில்லை.

நான் நிறுத்துகிறேன். கண் எரிகிறது.

சுண்டெலி


ஜூன் 9

சுண்டெலிக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். கேட்டுவிட்டேன்.

போன கடிதத்தில் நான் கேட்ட ஒரே கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. இப்போது எழுதவும் வேண்டாம். பில்லின் நகல் வந்துவிட்டது.

அதைக் கட்டில் மேல் வைத்தேன். பக்கத்தில் உன் நான்கு கடிதங்களையும் வைத்தேன். கிழிக்கச் சொல்லியிருந்தாய், கிழிக்கவில்லை. இங்கே எனக்கு வரும் கடிதங்கள் அவை மட்டும்தான். பக்கத்துக் கட்டில்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த அஞ்சையும் ஒரே ஆளா எழுதினது? முத்து முத்தா இருக்கே கையெழுத்து" என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் போகவில்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் இந்த மாத முடிவுவரைதான் கெடு. அதற்குப் பிறகு இந்த வருஷம் இல்லை. நான் இன்னும் ஒரு வருஷம் நிற்கவேண்டும். டாக்டர் நிற்கக்கூடாது என்கிறார். இந்த ஐந்து தாளையும் வங்கி மேஜையில் வரிசையாக வைத்தால் போதும், யாரும் ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை.

யாருக்கும் காட்டாதீர்கள் என்று எழுதியிருந்தாய். இன்னும் காட்டவில்லை.

இருபத்தோராம் தேதி ஊருக்கு வருகிறேன். நேராக வங்கிக்குப் போவேன். வீட்டுக்கு வரமாட்டேன்.

சித்தி


ஜூன் 17, இரவு

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் முதுகு இப்படி ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன், நீங்கள் வேடிக்கையாகவே எழுதினீர்கள்.

ஆமாம், பில்லை எழுதியது நான்தான். ஆபீசர் வந்து போன அன்று இரவு. விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது, பில்லையும் அவரே எழுதினால் தெரிந்துவிடும்; அம்மாவுக்குச் சரளமாக எழுத வராது. மெஷின் தரகர் ஒருவர் முத்திரை குத்திய வெற்றுப் பில் தாள் ஒன்று கொடுத்திருந்தார். அம்மா உங்கள் பில்லை எனக்கு முன்னால் வைத்து, "இதைப் பார்த்து அப்படியே எழுது. பேரு மட்டும் அப்பா பேரு" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். "கையெழுத்துப் போட்டிக்குப் போறவதானே நீ, எழுது" என்றாள். மெஷினின் எண்ணைக்கூட அதிலிருந்துதான் எடுத்தேன். தப்பில்லாமல் எழுதவேண்டும் என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். எழுதி முடித்ததும் அம்மா என் தலையைத் தடவினாள்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று உங்கள் மேல்தான் கோபம். ஐந்து தாளை மேஜையில் வைப்பேன் என்கிறீர்கள். அதில் நான்கு, உங்களுக்காகப் பயந்து பயந்து எழுதியது. உண்மை பேசுவது நீ ஒருத்திதான் என்றீர்கள். இப்போது என் உண்மையும் என் பொய்யும் ஒரே கையெழுத்து என்று காட்டப் போகிறீர்கள். இரண்டு நாள் உங்களோடு மனதில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று இரவு அந்தச் சண்டையும் முடிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். வங்கியிலிருந்து பில்லைப் பற்றி விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

"ஜெயில்ல போட்டுடுவானுங்கடி" என்றார் அப்பா.

"அவ எழுதினதுன்னு சொல்லிடுங்க" என்றாள் அம்மா.

"யாரு?"

"நம்ம பொண்ணு. ஒரிஜினல் பில் தொலைஞ்சு போச்சு, நாங்க ஏசுவோம்னு பயந்துக்கிட்டு எங்களுக்குத் தெரியாம அவளே எழுதி வெச்சிட்டான்னு சொல்லுங்க. அவ கையெழுத்துத்தானே, எங்க வேணா பார்த்துக்கட்டும். சின்னப் புள்ளைய என்ன பண்ணிடுவாங்க? திட்டிட்டு விட்டுடுவாங்க."

அப்பா வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன் சித்தி. சுவரில் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் இருமினார். பிறகு, "அவகிட்ட என்னைக்குச் சொல்றது?" என்று கேட்டார்.

நீங்கள் அம்மாவின் தங்கை. நான் அம்மாவின் மகள். உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீலப் பெட்டியில் பில் இல்லை என்று எழுதினேன், அது பொய் இல்லை. எழுதி முடித்ததும் அம்மா உங்கள் பில்லை என்னிடம் கொடுத்து அடுப்பில் போடச் சொன்னாள். நான் அடுப்புவரை போனேன். ஒரு பழைய சீட்டைப் போட்டுவிட்டு வந்தேன். உங்கள் பில் இத்தனை நாளும் இந்த அறையில்தான் இருக்கிறது, தாறுமாறாக ஒட்டியதால் விற்க முடியாத ஒரு கேக் பெட்டியின் அடியில் இரண்டு அட்டைக்கு நடுவே. பசை தடவி ஒட்டி வைத்தேன். முத்திரை தெளிவாக இருக்கிறது, உங்கள் பெயர் இருக்கிறது, நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதி இருக்கிறது.

ஏன் அப்போதே அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். அனுப்பினால் மெஷின் நின்றுவிடும். அம்மா சிரிப்பது நின்றுவிடும். அதை வைத்திருக்கும்வரை நான் பெரிய தப்பு செய்யவில்லை என்றும் நினைத்துக்கொண்டேன். நீங்கள் அங்கே நின்றுகொண்டே இருந்தீர்கள்.

இன்று கத்தியால் அட்டையைக் கீறிப் பில்லை எடுத்துவிட்டேன். ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இது இருந்தால் என் கடிதங்கள் உங்களுக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். தேவைப்பட்டாலும் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அப்பாவை என்ன செய்வார்கள் என்று மட்டும் முன்கூட்டி விசாரித்துச் சொல்லுங்கள். இரண்டு தவணையையும் கட்டிவிட்டால் விட்டுவிடுவார்களா? மெஷினைத் திருப்பித் தந்துவிட்டால் போதுமா? எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆனாலும் விசாரியுங்கள்.

வெல்டிங்காரரிடம் நாளைக்கு நானே போய்ச் சொல்லிவிடப் போகிறேன், புகார் அவர் எழுதியது இல்லை என்று எனக்குத் தெரியும் என்று. அவர் யாரிடம் சொன்னாலும் சரி.

தபால் பெட்டியில் காலை எட்டு மணிக்குத் தபால் எடுப்பார்கள். அதற்கு முன்னால் போட்டால் இருபதாம் தேதி உங்கள் கைக்கு வந்துவிடும். உறையில் முகவரி எழுதிவிட்டேன். அதை மட்டும் இடது கையால் எழுதினேன், யார் கண்ணில் பட்டாலும் என் கையெழுத்து என்று தெரியக்கூடாது; கோணலாக இருக்கும், தபால்காரர் புரிந்துகொள்வார்.

கதவைத் தட்டுகிறார்கள்.

"இந்நேரத்துக்கு என்னடி லைட்டு?" அம்மா. பக்கத்தில் அப்பா இருமுகிறார். இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள். "கதவைத் திற. உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்கிறாள் அம்மா. ரொம்பப் பிரியமாகக் கூப்பிடுகிறாள்.

சித்தி, பில்லை உறைக்குள் வைத்துவிட்டேன், இந்தத் தாளையும் நான்